நிக்கல் பூசிய ரிவால்வர்: துலக்கத் துலக்கத் தேயும் வரலாறு

இரண்டு புகைப்படங்கள் மின்னஞ்சலில் நமக்கு வந்து சேர்ந்தன. அனுப்பியவர் நம் குழுவின் நீண்டநாள் நண்பர். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வசிப்பவர். அவருடைய அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரித்து வருகிறாராம். அவரிடமிருந்த இரண்டு ரிவால்வர்களை அருகருகே வைத்து எடுத்த படங்கள் அவை. ஒன்று முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல் பளபளத்தது. மற்றொன்றில் மங்கிய வெண்மை. ஆங்காங்கே பால் தெளித்தாற்போல் மூட்டம். விளிம்புகளில் எஃகின் கருமை எட்டிப் பார்த்தது. படங்களோடு ஒரே ஒரு கேள்வி மட்டும் வைத்திருந்தார்: 'இவற்றுள் மூத்தது எது?'

மங்கியதுதான் என்று எல்லோரும் ஒரே குரலில் எழுதினோம். தவறு. இரண்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 'நியூ மாடல் நம்பர் 3' வகையைச் சேர்ந்தவை. இரண்டும் 1880களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரத் தொழிற்சாலையில் பிறந்தவை. மங்கியதன் குழல்மீது நிறுவனத்தின் பெயரும் ஊரும் காப்புரிமைத் தேதிகளும் உளியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தன. பளபளப்பதன் குழலில் அதே எழுத்துக்கள், ஆற்றில் உருண்ட கூழாங்கல்லில் யாரோ எப்போதோ கீறியவைபோல் கரைந்து கிடந்தன. அதைக் கரைத்தவர் அந்தப் பெரியவரேதான். இளவயதில், வாரந்தோறும், மிகுந்த அன்போடு துலக்கியே கரைத்திருக்கிறார்.

துப்பாக்கியைப் பற்றி ஓர் இலக்கியக் குழு எழுதலாமா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நம்மில் பெரும்பாலோர் ரிவால்வரைத் திரைப்படத்துக்கு வெளியே பார்த்ததில்லை. ஆயினும் நிக்கல் பூசிய பொருள்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. தாத்தா காலத்துக் கிராமபோனின் வளைந்த கையும், பழைய சைக்கிள் மணியும் அதே முலாம் போர்த்தியவைதாம். பழம்பொருளைத் தூய்மை செய்வது எங்கே முடிகிறது, அழிப்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பொது. அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் இந்த ரிவால்வர்கள்தாம் என்பதால் அவற்றின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்த உலோகத்தின் பெயரைப் பார்ப்போம். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் செம்புத் தாது போலவே தோன்றிய ஒரு செந்நிறக் கல்லைக் கண்டார்கள். உருக்கினால் செம்பு வரவில்லை. ஆர்சனிக்கின் நச்சுப்புகைதான் வந்தது. இது ஏதோ குட்டிச்சாத்தானின் வேலை என்று எண்ணி, சாத்தானின் செம்பு என்று பொருள்படும்படி 'குப்ஃபர்நிக்கல்' என்று பெயரிட்டார்கள். 1751ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் க்ரோன்ஸ்டெட் இத்தகைய தாதுவிலிருந்து புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தபோது, செம்பை விட்டுவிட்டுச் சாத்தானை மட்டும் வைத்துக்கொண்டார். அதுவே நிக்கல். நம் நாட்டில் 1947ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த, ஒருபுறம் ஆறாம் ஜார்ஜும் மறுபுறம் புலியும் பொறித்த ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள், அது நிக்கல். வெள்ளியின் வெண்மையும் அல்ல, குரோமியத்தின் நீலச்சாயலும் அல்ல. இளமஞ்சள் கலந்த ஒரு கதகதப்பான வெண்மை. பழைய ரிவால்வர்களின் நிறமும் அதுதான்.

மின்சாரத்தைக் கொண்டு ஓர் உலோகத்தின்மேல் இன்னோர் உலோகத்தைப் படியவைக்கும் வித்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வளர்ந்தது. பொன்னும் வெள்ளியும் எளிதில் படிந்தன. நிக்கல் மட்டும் அடம் பிடித்தது. 1843ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ருடால்ஃப் பெட்கர் ஒரு வழியைக் காட்டினார். நிக்கலும் அம்மோனியமும் சேர்ந்த சல்ஃபேட் உப்பைக் கரைத்த தொட்டி அது. ஆனாலும் அது ஆய்வுக்கூடத்தை விட்டுப் பட்டறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. படிந்த முலாம் கருத்தது, வரிவரியாகத் தெரிந்தது, வெங்காயத் தோல்போல் உரிந்தது.

அதைத் தொழிலாக்கிக் காட்டியவர் பாஸ்டன் நகரத்து ஐசக் ஆடம்ஸ் இளையவர். இவருடைய தந்தையை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க நியாயம் உண்டு. 1830ல் காப்புரிமை பெற்ற 'ஆடம்ஸ் பவர் பிரஸ்' என்ற அச்சு இயந்திரத்தை உருவாக்கியவர் அவர். அந்த நூற்றாண்டின் அமெரிக்க நூல்கள் ஏராளமானவை அந்த இயந்திரத்தில்தான் அச்சேறின. தந்தை எழுத்தை உலோகத்திலிருந்து தாளுக்கு ஏற்றினார். மகனோ மருத்துவம் படித்துவிட்டு உலோகத்தின்மேல் உலோகம் ஏற்றப் புறப்பட்டார். 1869 ஆகஸ்ட் 3ஆம் நாள் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் சாரம் ஒற்றை வரியில் அடங்கிவிடும்: தொட்டியிலுள்ள கரைசல் தூயதாக இருக்கவேண்டும். பொட்டாஷ், சோடா, நைட்ரிக் அமிலம் ஆகியவை கலந்துவிடக்கூடாது. கரைசல் அமிலமாகவும் இருக்கக்கூடாது, காரமாகவும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு'க்காக நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது என்பது வேறு கதை.

தூய்மை தொட்டிக்கு மட்டுமல்ல, முலாம் ஏறவேண்டிய எஃகுக்கும் தேவைப்பட்டது. தோல் போர்த்திய சக்கரங்களில் எமரித் தூள் ஏற்றி, எஃகை வழவழப்பாக்கி, காரநீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவிய பிறகே தொட்டியில் இறக்குவார்கள். இடையில் ஒரு விரல் பட்டுவிட்டால், விரல்ரேகை பதிந்த இடத்தில் முலாம் பற்றாது. என்றாவது ஒருநாள் அங்கிருந்து உரியும். நூறாண்டுக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் அசட்டையான விரல், இன்றைய சேகரிப்பாளரின் கையில் செதிலாக உதிரக்கூடும் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

ஆடம்ஸின் காப்புரிமையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய ரிவால்வரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது தற்செயல்தான். 1870ல் வெளிவந்த 'மாடல் 3' முதற்கொண்டு அந்த நிறுவனம் நிக்கல் பூச்சைத் தந்தது. அமெரிக்கப் படைத்துறை அதே ஆண்டின் இறுதியில் 1000 ரிவால்வர்களை வாங்க முன்வந்தபோது, அவற்றுள் சுமார் 200 நிக்கல் பூசியவை, மற்றவை நீலமேற்றியவை. ஆற்றோடு தெற்கே போனால் வரும் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் கோல்ட் நிறுவனமும் 1873ல் அறிமுகமான தன் புகழ்பெற்ற 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி'யை நிக்கலிலும் விற்றது. படைவீரனுக்கு மின்னும் ஆயுதம் ஆபத்து. ஊர்க்காவலனுக்கும் சூதாடிக்கும் கடைக்காரனுக்கும் அந்தக் கவலை இல்லை. நாளடைவில் அஞ்சல்வழி விலைப்பட்டியல்களில் மலிவான சட்டைப்பை ரிவால்வர்களும் நிக்கல் பளபளப்போடு வந்து குவிந்தன.

பளபளப்பு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடவேண்டாம். அக்கால வெடிமருந்தைச் சற்றே பார்க்கவேண்டும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. நம் ஊர்த் திருவிழா வாணக்காரர்களும் நன்கறிந்த கூட்டு. இது எரிந்தால் பாதிக்கும் மேற்பட்ட எடை புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த மிச்சத்தில் பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு எல்லாம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் வெற்று எஃகைத் துரு தின்ன வைத்துவிடும். நீலமேற்றுதல் என்பது எஃகின் மேற்பரப்பையே மெல்லிய கரும் ஆக்ஸைடாக மாற்றுவது; பார்க்க அழகு, காப்பாற்றும் ஆற்றல் சொற்பம். நிக்கலோ இந்தக் கரியையும், சட்டைப்பையின் வியர்வையையும், சலூனில் சிந்திய மதுவையும் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினால் அடுத்த நாளுக்குத் தயார்.

1885 ஜூலை 24ஆம் தேதி, கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியிலிருந்து கோல்ட் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பாட் மாஸ்டர்சன். நிக்கல் பூசிய .45 ரிவால்வர் ஒன்று வேண்டும், விசை இலகுவாக இருக்கட்டும், குறிமுனை வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் பருமனாகவும் இருக்கட்டும், கைப்பிடி கட்டாபெர்ச்சாவில் இருக்கட்டும் என்று தையற்காரரிடம் சட்டைக்கு அளவு சொல்வதுபோல் கேட்டிருந்தார். பிற்காலத்தில் இதே மனிதர் நியூயார்க்கில் பத்திரிகை எழுத்தாளராகி, 1921ல் அலுவலக மேசையிலேயே உயிர்நீத்தார் என்பது நமக்கு எப்போதும் பிடித்த செய்தி. அவரைப் பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது. அவருடைய 'அசல்' துப்பாக்கியைக் கேட்டு நச்சரித்தவர்களுக்காக அடகுக்கடையில் பழைய ரிவால்வர் வாங்கி, கைப்பிடியில் சில வெட்டுக்குறிகளைத் தானே போட்டு விற்றாராம். மெய்யோ பொய்யோ, பழம்பொருளின் மேற்பரப்பை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது.

இனி அந்தப் பளபளப்பின் பலவீனத்துக்கு வருவோம். இங்கே நம் வீட்டுச் சமையலறை உதவுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சு முழுமையாக இருக்கும்வரை ரசமும் புளிக்குழம்பும் பாத்திரத்தை ஒன்றும் செய்யா. ஓரிடத்தில் ஈயம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் அங்கே களிம்பு ஏறும். நிக்கலும் அப்படித்தான், ஆனால் இன்னும் ஒருபடி கொடுமை உண்டு. இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசினால், கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தன்னைத் தின்னக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மின்வேதி வரிசையில் அது எஃகைவிட மேலே இருப்பது. ஊசிமுனை அளவு துளை விழுந்து ஈரம் புகுந்தால், சுற்றியுள்ள நிக்கல் பரப்பு முழுவதற்கும் சேர்த்து அந்த ஒரு புள்ளி எஃகுதான் கப்பம் கட்டவேண்டும். மேலே பளபளவென்றிருக்கும், அடியில் துரு பரவும், ஒருநாள் கொப்புளம்போல் எழும்பி உரியும். தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு மெல்லிய தோல் இது. அதை எதைக்கொண்டு தேய்த்தாலும், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் துளிக்குத் துளி குறைந்துகொண்டே போகும்.

மூட்டம் என்று மேலே சொன்னோமே, அதற்கும் காரணம் கண்டறியப்பட்டது. நிலக்கரி எரியும் நகரங்களின் காற்றில் கலந்த கந்தக டை ஆக்ஸைடும், 70 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதமும் சேர்ந்தால் நிக்கல் மங்கும் என்று இங்கிலாந்தின் வெர்னான் 1930களில் ஆராய்ந்து காட்டினார். தொடக்க நிலையில் மென்மையாகத் துடைத்தால் அது போய்விடும்; நாளானால் பரப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட மூட்டத்தால் எஃகுக்குக் கேடு ஒன்றும் இல்லை. கெடுவது நம் கண்ணின் ஆசை மட்டும்தான். அந்த ஆசைக்காகத்தான் பெரும்பாலான நிக்கல் துப்பாக்கிகள் பலியாகியிருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் புகையில்லா வெடிமருந்து வந்துவிட்டது. கரி குறைந்தது, ஆனால் துரு குறையவில்லை. எண்ணெய் பூசி வைத்த குழலும் துருப்பிடித்தது கண்டு பலரும் புதிய மருந்தையே சபித்தார்கள். முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தில் நடந்த ஆய்வில்தான் உண்மைக் குற்றவாளி அகப்பட்டான். தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது நம் சமையல் உப்பின் சகோதரனாகக் குழலில் படிந்துகொண்டிருந்தது. உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். பழைய கால வெந்நீர்க் கழுவலைக் கைவிட்டு, நவீனம் என்று எண்ணி வெறும் எண்ணெயை நம்பியதுதான் பிழை! 1927ல் ரெமிங்டன் நிறுவனம் துருவேற்றாத பிரைமருடன் 'கிளீன்போர்' தோட்டாக்களை விற்கத் தொடங்கியபின் அமெரிக்காவில் அந்தத் தொல்லை சிறிது சிறிதாக ஓய்ந்தது.

இதற்கிடையில் வேறொரு வில்லன் நுழைந்திருந்தான்: அம்மோனியா. செம்பு உறை போர்த்திய குண்டுகள் வேகமாகப் பாயும்போது குழலின் உட்சுவரில் செம்பு படியும். அதைக் கரைக்க அம்மோனியாவே சிறந்தது. கரைந்த செம்பு அழகான நீல நிறத்தில் வெளிவரும். குழலுக்குள் அது மருந்து. நிக்கலுக்கு அதுவே நஞ்சு. முலாம்காரர்கள் பலர் நிக்கல் நன்றாகப் பற்றவேண்டுமென்று எஃகின்மேல் முதலில் மெல்லிய செம்புப் பூச்சைக் கொடுத்து, அதன்மேல் நிக்கலை ஏற்றினார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியில், குழல்வாயில் ஒழுகிய ஒரு சொட்டு அம்மோனியாக் கரைப்பான் கீறல் வழியே உள்ளே புகுந்தால், அடியிலிருக்கும் செம்பைக் கரைத்துக்கொண்டே போகும். மேலிருக்கும் நிக்கல், அடிமண் அரித்த ஆற்றங்கரைபோல் நின்றுகொண்டிருந்துவிட்டுச் சரியும். எந்தத் துப்பாக்கியில் செம்பு உண்டு, எதில் இல்லை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே எல்லாவற்றிலும் உண்டு என்றே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பித்தளைக்கான மெருகுத் திரவங்கள் பலவற்றிலும் இதே அம்மோனியாவும், கூடவே தேய்க்கும் மண்ணும் உண்டு. குத்துவிளக்குக்கு நன்று, இங்கே கூடாது.

நம் நண்பரின் அண்டை வீட்டுப் பெரியவர் செய்ததும் இதுதான். தந்தையிடமிருந்து வந்த ரிவால்வரை வாரம் ஒருமுறை பித்தளை மெருகு போட்டுத் துலக்கினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் உருளையின் விளிம்புகளில் எஃகு தெரிந்தது. தெரிந்த இடத்தில் துரு வந்தது. துரு வந்ததும் பதறிப்போய் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தார். பட்டறைக்காரர் பழைய நிக்கலை நீக்கி, சுழலும் துணிச்சக்கரத்தில் எஃகை வழித்து மெருகேற்றி, புது நிக்கல் பூசிக் கொடுத்தார். வேலையில் குறையொன்றும் இல்லை. எழுத்துக்கள் போயின, பட்டைகளின் கூர் விளிம்புகள் உருண்டன, உருளையின் பின்புறம் இருந்த சிறிய சோதனை முத்திரை ஒன்று அடியோடு மறைந்தது. எந்த ஆண்டு, யார் கையில் என்று சொல்லக்கூடிய சாட்சிகள் எல்லாம் அந்தச் சக்கரத்தின் தூசியோடு போய்விட்டன. 'அதை யாரும் கெடுக்கவில்லை, நான்தான் சுத்தம் செய்தேன்' என்று அவர் சொல்லிச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைப் பற்றி நண்பர் எழுதியிருந்த இரண்டு வரிகள்தாம் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டின.

இரண்டாவது ரிவால்வரை அவர் பல ஆண்டுகள் கழித்து வாங்கியிருக்கிறார். அதை அவர் பராமரிக்கும் விதத்தை நண்பர் அருகிலிருந்து பார்த்து எழுதி அனுப்பினார். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் கைக்கொள்ளும் முறையும் பெரும்பாலும் இதுவே என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம்.

எதற்கும் முன்னால், துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கிறார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, விசையிலிருந்து விரலை விலக்கி, உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கிறார். நாற்பது ஆண்டுகளாக வெறுமையாக இருப்பதுதானே என்று கேட்டதற்கு, விபத்து நடந்த துப்பாக்கிகள் எல்லாமே வெறுமையானவை என்று நம்பப்பட்டவைதாம் என்றாராம். தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருப்பதில்லை. சன்னல் திறந்திருக்கும், கரைப்பான்களின் ஆவியும் பழைய ஈயத் தூசும் நெஞ்சுக்கு ஆகாதவை. மெல்லிய நைட்ரைல் கையுறை அணிந்துகொள்கிறார். அது அவருக்கும் காப்பு, நிக்கலுக்கும் காப்பு. விரல் வியர்வையின் உப்பு நிக்கலில் அழுத்தமாகப் பதியக்கூடியது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடுவதில்லை.

கைப்பிடிப் பலகைகள் மரமோ தந்தமோ முத்துச்சிப்பியோ எதுவானாலும் முதலில் கழற்றி வைக்கவேண்டும். கரைப்பானும் ஈரமும் அவற்றுக்குப் பகை. (முத்துச்சிப்பி என்றதும் ஜெனரல் பாட்டன் நினைவுக்கு வருகிறார். அவர் இடுப்பில் தொங்கிய கோல்ட் ரிவால்வரை முத்துக் கைப்பிடி என்று பத்திரிகைகள் எழுதின, அது தந்தம். 1916ல் வாங்கிய அந்தத் துப்பாக்கியின் பூச்சும் நிக்கல் அல்ல, வெள்ளி. வெள்ளி கந்தகத்தில் கருக்கும். அதன் பராமரிப்பு முற்றிலும் வேறு.) மறைகளைத் திருக, காடியில் சரியாகப் பொருந்தும் திருப்புளிதான் வேண்டும். வழுக்கிய திருப்புளி போட்ட ஒரு கோடு, நூறாண்டுப் பயன்பாட்டைவிட அதிகக் கேடு செய்துவிடும்.

வெளிப்புறத்துக்கு வேண்டியவை சில துளி எண்ணெயும் பழைய பனியன் துணியும் மட்டுமே. அம்மோனியா இல்லாத மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, அழுத்தாமல் துடைத்தால் தளர்ந்த அழுக்கு வந்துவிடும். பிடிவாதமான பிசுக்குக்கு மென்மையான சோப்பு நீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, உடனே ஈரம் போகத் துடைத்து, மீண்டும் எண்ணெய். பூச்சு உரிந்த துப்பாக்கிக்கு இந்த நீர் வேலையும் கூடாது. பல் துலக்கும் பசை, எஃகுப் பஞ்சு, பித்தளைக் கம்பித் தூரிகை ஆகியவற்றை அறைக்குள்ளேயே அனுமதிப்பதில்லை. புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புப் பொருள்கள் நிக்கலையும் அடியிலுள்ள எஃகையும் சேர்த்தே அரிக்கும். மீயொலித் தொட்டியில் போட்டு அதிர வைப்பது, உரியத் தயாராக இருக்கும் செதிலை நாமே உரித்துவிடுவதற்குச் சமம்.

உருளையின் முன்முகத்தில் ஒவ்வோர் அறையைச் சுற்றியும் கரிவளையம் ஒன்று இருக்கும். புதிதாக வாங்கியவர்களின் கை முதலில் அங்கேதான் போகும். அதை நீக்கவென்று விற்கப்படும் துணிகளில் தேய்க்கும் தூள் உண்டு. வளையம் போகும், கூடவே நிக்கலும் போகும். சுட்ட துப்பாக்கி சுட்டதுபோல் தெரிந்தால்தான் என்ன?

குழலின் உட்புறம் வெறும் எஃகு. அங்கே கரைப்பான் தேவைப்படலாம். அப்போதும் அம்மோனியா இல்லாததைத் தேர்ந்து, துணித்துண்டில் நனைத்துக் குச்சியால் செலுத்தி, சில நிமிடங்களில் உலர்ந்த துணியால் எடுத்துவிடுகிறார். இரவெல்லாம் ஊறவிடுவதில்லை. குழல்வாயில் கசிந்ததை அந்த நொடியே துடைக்கிறார். பூச்சு உரிந்த இடமொன்று அவருடைய துப்பாக்கியில், விசைக் காப்பின் அருகே, ஒரு கடுகளவுக்கு இருக்கிறது. அங்கே ஒரு துளி எண்ணெயை ஊறவைத்து, மிகுந்ததை மைத்தாளால் ஒற்றி எடுத்து, மேலே மெழுகால் மூடிவிடுகிறார். துரு தென்பட்டால் எண்ணெயில் நனைத்த பல்குச்சிதான் ஆயுதம், கத்திமுனை அல்ல.

கடைசியாக மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ரினெய்ஸான்ஸ்' என்ற நுண்படிக மெழுகைக் கடுகளவு எடுத்து, மெல்லிய படலமாகத் தடவி, மென்துணியால் தேய்த்து விடுகிறார். எண்ணெய் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். மெழுகு அப்படிச் செய்வதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதிகம் என்றால் இருமுறை.

பாதுகாத்து வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகான பழைய தோலுறையில் செருகி வைப்பதுதான் இயல்பான ஆசை. தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து, உறை எங்கெங்கே தொடுகிறதோ அங்கெல்லாம் நிக்கலைக் கடிக்கும். தோலுறை தனியே, துப்பாக்கி தனியே இருக்கவேண்டும். மென்பஞ்சு வைத்த பெட்டிகளும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்பவை; நெடுநாள் வைப்புக்கு ஆகா. பூட்டிய அலமாரி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், 50 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதம் இருந்தால் போதும். பூட்டு துருவுக்காக அல்ல, வீட்டுக்கு வந்து போகும் பேரக் குழந்தைகளுக்காக.

நிக்கலின் காலம் பின்னர் மெல்ல ஒடுங்கியது. 1940களில் அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தைச் சேர்ந்த பிரென்னரும் கிரேஸ் ரிடலும் மின்சாரமே இல்லாமல் நிக்கலைப் படியவைக்கும் வழியைக் கண்டார்கள். அது மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் படிவது. 1965ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் 'மாடல் 60' ரிவால்வரைத் துருவேறா எஃகிலேயே செய்து விற்றது. துலக்கினால் தேய்ந்துபோக அதில் தோலே இல்லை. தேய்ந்தாலும் அடியில் அதே உலோகம்தான்.

சென்ற மாதம் நண்பரிடமிருந்து மூன்றாவது படம் வந்தது. மங்கிய ரிவால்வரின் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றி வைத்து எடுத்தது. மரம் மூடியிருந்த அந்தச் சிறு இடத்தில், எந்தக் கையும் வெளிச்சமும் படாமல், 1880களின் நிக்கல் தொட்டியிலிருந்து எடுத்தபடியே இளமஞ்சள் வெண்மையில் இருந்தது. வலப்புறப் பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண், சட்டகத்தின் அடியில் பொறித்த வரிசை எண்ணோடு ஒத்திருந்தது. தொழிற்சாலையில் யாரோ ஒருவர் இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதிய எண் அது. பெரியவர் அந்த இடத்தை மட்டும் துடைக்கவில்லையாம். படம் எடுத்து முடியும்வரை காத்திருந்து, பலகையைப் பொருத்தி, மறையை அளவாகத் திருகி மூடினார்.